ரிவால்வர் கைப்பிடி: மரம் பிளப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்திலும் சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளிலும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போர் சிலர், பழைய கைப்பிடியை மாற்றி ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்துகொள்ள விரும்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் துப்பாக்கியையே தச்சுப் பட்டறையில் விட்டு வராதீர்கள்! 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் அதை வைத்திருப்பதே குற்றம். தச்சரும் சேர்ந்து மாட்டுவார். தோட்டாக்களை எடுத்துவிட்டு, திருகைக் கழற்றி, பழைய கைப்பிடியை மட்டும் மாதிரிக்குக் கொடுங்கள். கடைசிப் பொருத்தம் உரிமம் பெற்ற ரிப்பேர் கடையில் நடக்கட்டும்.

புதுக் கைப்பிடி ஆறு மாதத்தில் பிளந்தால், பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஏற்காட்டு மழையில் ஈரம் குடித்த கட்டை சேலத்துச் சித்திரை வெயிலில் சுருங்கும். கட்டையின் இரு தலைகளிலும் மெழுகு பூசி நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பட்டறைக் கணக்கு. அதைவிடத் தராசை நம்பலாம். வாரம் ஒருமுறை நிறுங்கள், எடை இறங்குவது நின்ற பிறகு அறுங்கள். நார் கைப்பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மெல்லிய முனை பட்டென்று ஒடியும்.

ரிப்பேர் கடையில் பொருத்தும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். துப்பாக்கியின் இரும்புச் சட்டகத்தில் விளக்குக் கரி தடவி மரத்தை வைத்து அழுத்தினால், எங்கே மேடு என்று கரியே காட்டிவிடும். அங்கே மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இரும்பில் உட்கார்ந்திருந்தால், சுடும்போது உதைப்பு முழுவதும் அந்த மூலைக்கே போய்ப் பிளக்கும். சுத்தியலை (தோட்டாவை அடிக்கும் பாகம்) இயக்கும் மெயின் ஸ்பிரிங் கைப்பிடிக்குள் இருக்கிறது; அது மரத்தில் உரசவே கூடாது. உரசினால் சுத்தியலின் அடி தளர்ந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். திருகுத் துளையில் பித்தளைப் புஷ் (சிறு குழல்) வையுங்கள். திருகு பிடித்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் முறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விழும்.

ஈட்டியின் இயல்பான எண்ணெய்ப் பசையால் அதன் மேல் ஆளி விதை எண்ணெய் எளிதில் காயாது. அரக்குப் பாலிஷ் ஒத்துவரும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும் என்பதால் முகமூடி அவசியம். உரிய ரசீது இல்லாத ஈட்டிக் கட்டையைத் தொடவே வேண்டாம். எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கும் பலாவின் வைரம் பாய்ந்த பகுதி போதும்; மஞ்சளாக இருப்பது நாளடைவில் தேன் பழுப்பாக மாறும். பலாவுக்கு ஆளி விதை எண்ணெயை மெல்லிசாக மூன்று நான்கு முறை தடவலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

இப்படிக்கு,
மரவேலைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.