லைடனிலிருந்து லைடனுக்கு

லைடன், ஒல்லாந்து
12.02.2012

அன்புள்ள அம்மா, ஐயா,

நலம். அம்மாவின் கடிதம் வந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உள்ளே மடித்து வைத்திருந்த விபூதி வழியில் கொட்டி, "சின்னமாமா" என்று எழுதியிருந்த இடத்தில் அப்பிக் கிடந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் மீதியை ஆறுதலாக வாசிக்கலாம் என்று மேசைக்குள் வைத்துவிட்டேன். பரீட்சை என்று தொலைபேசியில் சொன்னது பாதி உண்மைதான். மன்னியுங்கள்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு கிழமையாக வாய்க்கால்கள் எல்லாம் உறைந்து கிடக்கின்றன. போன மாதம் வாத்து நீந்திய இடத்தில் இப்போது பிள்ளைகள் இரும்புச் சப்பாத்து மாட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள். கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா, ஜன்னலுக்குத் திரையே போடாமல் ஊருக்கெல்லாம் தெரிய உட்கார்ந்து பாணில் சாக்லேட் தூள் தூவிச் சாப்பிடுபவர்? அவர் காலையில் கைத்துளைப்பானோடு பின்வாய்க்காலில் இறங்குவார். பனியில் ஓட்டை போட்டு அடிமட்டம் விட்டுப் பார்ப்பார். பிறகு என் ஜன்னலைப் பார்த்து அன்றைய கணக்கைக் கத்துவார். "பத்து!" மறுநாள், "பதினொன்று!" வடக்கே பதினொரு நகரங்களைச் சுற்றி 200 கிலோமீட்டர் பனியில் சறுக்கி ஓடும் போட்டி ஒன்று உண்டு. 15 சென்டிமீட்டர் தடிப்பு இருந்தால்தான் நடத்துவார்கள். கடைசியாக நடந்தது 1997-இல். இந்த முறை நடக்கும் என்று நாடே நல்லூர்த் தேருக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தது. புதன்கிழமை இரவு, இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். கிழவர் மறுநாள் முழுக்க வெளியே வரவில்லை.

அதற்கடுத்த நாள் ஒரு சட்டி பட்டாணிச் சூப்போடு மேலே வந்தார். கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்குத் தடிப்பு. நம் ஒடியற் கூழின் தம்பி என்று சொல்லலாம், மிளகாயும் புளியும் மறந்துபோன தம்பி. உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள் கிடந்தன. அன்று வெள்ளிக்கிழமை. டச்சில் அதைச் சொல்லத் தெரியும், வாய்தான் வரவில்லை. அம்மம்மாவுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்வருகிறேன். நம்மைப் போலவே ரொட்டியும் பருப்பும் கறியும் வைத்திருப்பவர்கள். மிஞ்சியதைக் கட்டித் தருவார்கள், மூன்று நாளுக்கு வரும். கை வெடித்திருக்கிறது என்று தங்கச்சி குட்டி படத்தைப் பார்த்துச் சொன்னாளாம். அது குளிரால்.

ஐயா புள்ளிகளைக் கேட்டிருந்தார். போன தவணையில் பத்துக்கு ஏழு. முகத்தைச் சுளிக்க வேண்டாம், இங்கே ஏழு நல்ல புள்ளி. பத்து கடவுளுக்கு, ஒன்பது வாத்தியாருக்கு என்று இவர்களுக்குள் ஒரு பேச்சே உண்டு. பட்டத்துக்கு வேறு கணக்கு: மூன்று வருடத்தில் 180 பாடப்புள்ளி சேர்க்க வேண்டும். வரலாறு பிரதான பாடம், அதில் மாற்றமில்லை. துணைப்பாடத்துக்கு 30 பாடப்புள்ளி. கணக்கியல் எடுக்கச் சொல்லி அத்தான் டொரன்டோவிலிருந்து மூன்று தடவை மின்னஞ்சல் போட்டுவிட்டார். நான் எடுத்தது சட்ட வரலாறு. அத்தானிடம் "சட்டம்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

வரலாறு என்றால் சாதாரண தரத்தில் நாங்கள் பாடமாக்கியதுபோல அரசர் பட்டியல் இல்லை, ஐயா. 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள் என்று எழுதினால் இங்கே ஒரு புள்ளியும் விழாது. ஒரு பழைய கடதாசியைக் கையில் தந்து, "இதை எழுதியவனுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?" என்று கேட்கிறார் பேராசிரியர். ஊர்காவற்றுறையில் கப்பலேற்றிய யானைகளைப் பற்றியோ, சாயவேர் தோண்ட விடப்பட்ட ஆட்களைப் பற்றியோ ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் கணக்கப்பிள்ளை எழுதினால், அவனுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். தோண்டியவன் அன்று சாப்பிட்டானா என்பதை அவன் எழுதமாட்டான். எழுதாததையும் வாசிக்கப் பழக வேண்டும் என்கிறார்கள். முதல் வருடம் முழுக்க டச்சு மொழிக்கே போனது. இப்போது 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து, கோழி கிளறியதுபோல. ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது.

ஒல்லாந்துக் கும்பனியின் கடதாசிகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அடுக்கி வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். ரயிலில் கால் மணி நேரம்தான். நான் சைக்கிளில் போகிறேன். ஒரு மணி நேரம் மிதித்தால் உடம்புக்கு நல்லது.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பால்தேயுஸ் பாதிரியாரை ஐயாவுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டுப் போய் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் பெரிய புத்தகம் போட்டவர். அவர் காலத்து யாழ்ப்பாண வரைபடத்தைப் பேராசிரியர் திரையில் காட்டினார். நெடுந்தீவு டெல்ஃப்ட், புங்குடுதீவு மிடில்பர்க், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லம். தங்கள் ஊர்ப் பெயர்களை நம் கடலில் இறைத்துவிட்டிருக்கிறார்கள். "உன் ஊர் எது?" என்று என்னைக் கேட்டார். "லைடன்" என்றேன். கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து மெதுவாகத் திரும்பக் கேட்டார். நான் எழுந்து போய் வேலணையில் விரலை வைத்தேன், அங்கே லைடன் என்று போட்டிருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வங்களாவடிச் சந்தியில் வளர்ந்தவனுக்கு இரண்டு லைடன் என்று அன்றுதான் பெருமையாக இருந்தது.

வந்த புதிதில் வாடகை விஷயமாக "கந்தோருக்குப் போ", அதாவது அலுவலகத்துக்குப் போ, என்று ஒருவர் சொன்னார். சொற்கள் வேறு, அந்த ஒரு சொல் நம்முடையது. திரும்பிப் பார்த்தேன், தமிழர் யாராவது நிற்கிறார்களோ என்று. அது அவர்களுடைய சொல், நாம்தான் முந்நூறு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். போஞ்சியும் அப்படித்தான். கக்கூசும் அவர்களுடையதுதான், ஆனால் இப்போது அதை இங்கே நாலு பேர் முன்னால் சொன்னால் முறைக்கிறார்கள்.

போன மாதம் தோம்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஒல்லாந்தர் காணிப் பதிவு எழுதும்போது ஆளையும் நிலத்தையும் மட்டும் எழுதவில்லை, நிற்கும் மரங்களையும் எண்ணினார்கள். வரி வாங்கத்தான், நம்மீது அன்பினால் அல்ல. அதை வாசித்துக்கொண்டிருந்தபோது 1990-இல் நாம் வேலணையை விட்டு வெளிக்கிட்ட கதை நினைவு வந்தது. எனக்கு இரண்டு வயது. அம்மா சொல்லித்தான் தெரியும்: என்னை ஒரு தோளில், உடுப்பு மூட்டையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, காணி உறுதிகள் இருந்த தகரப்பெட்டியை "இரண்டு நாளில் திரும்பிவிடுவோம்" என்று அடுப்படிப் பரணிலேயே வைத்துவிட்டு வந்தது. எவனோ ஒரு கணக்கப்பிள்ளை எண்ணிய மரங்களுக்கு இன்றும் கடதாசி இருக்கிறது. நம் வளவுக்கு இல்லை. நூலகத்தில் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. வாய்க்கால் ஓரமாக நடந்தேன். கிணற்றடித் தண்ணீரை ஒரு செம்பு குடித்தால் போதும் என்று இருந்தது. இப்போதும் இனிக்கிறதா அம்மா, அல்லது உவர் ஏறிவிட்டதா?

சரி, சின்னமாமா விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மம்மாவின் சீதனக் காணி பிரிக்கப்படாதது. அம்மாவுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி. மொத்தம் பன்னிரண்டு பரப்பு என்றுதான் எப்போதும் சொல்வீர்கள். அவர் தன் பங்கைக் கொழும்பு முதலாளிக்கு எழுதப்போகிறேன் என்றால், முதலில் நம்மிடம் விலை கூற வேண்டும். பங்காளியை விட்டுவிட்டு அந்நியனுக்கு விற்க முடியாது என்பது தேசவழமை, நம் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டம். 1707-இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, அதாவது ஒல்லாந்து அதிகாரி, எழுதிக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களான பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரி என்று ஒப்புக்கொண்டது. அதை இங்கே வரிவரியாகப் படித்தேன். அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். முன்வாங்கும் உரிமைக்கென்று 1947-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் நான் சட்டத்தரணி இல்லை. ஐயா நேரே யாழ்ப்பாணத்துக்குப் போய் உறுதி எழுதும் ஒரு நல்ல நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். காணிப் பதிவுக் கந்தோரில் பழைய உறுதியின் பிரதி எடுக்க முடியுமா என்றும் பாருங்கள். இலக்கம் நினைவில்லாவிட்டால் அம்மம்மாவின் கல்யாண வருடத்தை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

மாமாவோடு சண்டை வேண்டாம். கப்பலடிக் கடையில் நாலு பேர் முன்னால் இதைப் பேசவும் வேண்டாம். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். விலையை மட்டும் கேளுங்கள். நம் பங்கு குட்டியின் பெயருக்கு வர வேண்டும், அதற்குமுன் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். சித்திரைக்கு நான் கொஞ்சம் அனுப்புவேன். மாசியில் அனுப்புவதாகச் சொன்னதுதான், வங்கியில் ஒரு தாமதம்.

ஒடியல் அனுப்ப வேண்டாம், தபால் செலவுக்கு இன்னொரு பனை வாங்கலாம்.

ஐயா, ஒரு வேலை. ஒரு பெரிய தாளில் வளவைக் கீறி அனுப்புங்கள். நாலு எல்லையும், ஒவ்வொரு பக்கத்துக்கும் யாருடைய காணி என்பதும், படலை, ஒழுங்கை, கிணறு, வழிவாய்க்கால் எல்லாம் வேண்டும். நொத்தாரிசுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வேப்பமரத்தை விட்டுவிடாதீர்கள். பனைகளை எண்ணி எழுதுங்கள், வேலியில் நிற்பதை வேறாக, உள்ளே நிற்பதை வேறாக.

உங்கள் அன்பு மகன்