ஜூடோ பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இடப்பக்க எறிதலையும் பயில வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், அத்தீர்மானம் நிறைவேறிய விதத்தையே இங்கு விரிவாகப் பதிவு செய்கிறேன்.

தொடக்க மாதங்களில் இப்பயிற்சியை வகுப்பின் இறுதியில் வைத்தது நம் பிழை. களைத்த உடல் புதிய அசைவை எளிதில் ஏற்பதில்லை. பலரும் பெயரளவில் செய்துவிட்டுக் கலைந்தனர். பின்னர் அதை வகுப்பின் தொடக்கத்துக்கு மாற்றிய பிறகே, குறை கையில் அல்ல, காலில் இருக்கிறது என்பது தெரிந்தது. எதிராளியை முதுகில் ஏற்றித் தோளுக்கு மேலாக எறியும் செயோய் நாகேயை இடப்பக்கம் செய்கையில், இதுவரை கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கிய வலக்கை எதிராளியின் சட்டைக்கையை இழுக்க வேண்டும். கை இதை விரைவில் கற்றுக்கொண்டது; ஆனால் எந்தக் காலை முன்வைத்துத் திரும்புவது என்பதில் பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே தடுமாறினர். ஆகவே, பிடியே இல்லாமல் கால்வைப்பை மட்டும் மெதுவாகப் பயிலச் செய்த பயிற்சியாளர்களின் முடிவு மிகச் சரியானது.

ஒரு பக்கத்தில் முழுத் தேர்ச்சி பெறுவதே போட்டிக்கு நல்லது என்று மூத்த உறுப்பினர் சிலர் வாதிட்டனர். அதில் உண்மை உண்டு. ஆயினும் எறிதல்களை வகுத்த வரிசையில் செய்துகாட்டும் முறைப்பயிற்சியான நாகே நோ காட்டாவின் 15 எறிதல்களும் வலம், இடம் என இருபுறமும் செய்யப்படுபவை என்பதை நாம் மறக்கலாகாது. மேலும், மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே இடக்கையர் என்பதால், வலக்கையரை எதிர்கொள்ள அவர்கள் பழகும் அளவுக்கு அவர்களை எதிர்கொள்ள நாம் பழகுவதில்லை. எனக்கு இவற்றினும் முதன்மையாகத் தோன்றுவது விழும் பயிற்சி: எப்போதும் ஒரே பக்கம் எறியப்படுபவர் மறுபக்கம் விழ நேர்கையில், விழும் வேகத்தைத் தணிக்கக் கையால் தரையைத் தட்டுவதற்குப் பதில் கையை ஊன்றிக் காயப்படுகிறார்.

தோள் காயத்தால் வலப்பக்கப் பயிற்சியை நிறுத்தியிருந்த உறுப்பினர் ஒருவர், மருத்துவரின் ஒப்புதலோடு இடக்கைப் பயிற்சியை மட்டும் தொடர்ந்தார். ஒரு கையை மட்டும் பயிற்றினால் மறுகையின் வலிமையும் ஓரளவு கூடும் என்பது யேல் பல்கலைக்கழகத்தில் 1894-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து கூறப்பட்ட செய்தி. காயமுற்ற மற்றவர்களும் பயிற்சியை அறவே விட்டுவிடாமல் இவ்வழியை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டுகிறேன்.

வரும் ஆண்டு முதல் பட்டைத் தேர்வில் ஓர் எறிதலையேனும், வலக்கையர் இடப்பக்கமும் இடக்கையர் வலப்பக்கமும் செய்து காட்ட வேண்டும் என்ற முன்மொழிவை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்