விருச்சிகமா, துலாமா?

அம்மாப்பேட்டை, சேலம்
11 மார்ச் 2026

அன்புள்ள சுந்தரம்,

பொங்கல் வாழ்த்துக்கே பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. இங்கே எல்லோரும் சுகம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது; நீ ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதைப் படிப்பாய்.

திங்கட்கிழமை ஒரு கூத்து. மணி ஒன்றாகிவிட்டதே என்று ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். உலையில் இன்னும் அரிசியே விழவில்லை. “பன்னிரண்டு மணிக்கே பசிக்குதா?” என்றாள் கமலா. கடையில் எனக்குக் கடிகாரமே கம்ப்யூட்டர்தான். அது ஒரு மணி நேரம் முந்தி ஓடியிருக்கிறது!

நோண்டிப் பார்த்தேன். தை மாதம் வாங்கிய பழைய பெட்டி அது. நேர மண்டலம் அமெரிக்காவின் பசிபிக் கரையிலேயே நின்றிருக்கிறது. நான் பாட்டுக்கு மணியை மட்டும் நம்மூருக்குத் திருப்பி, இணையத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வதையும் அணைத்து வைத்திருக்கிறேன். அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணியை 3 ஆக்கிவிடுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி ஆக்குவார்கள். விண்டோஸ் பெட்டிக்குள் ஓடும் கடிகாரம் ஊர் நேரத்தையே காட்டும். அதனால் திங்கள் காலை நான் சுவிட்சைப் போட்டதும், அம்மாப்பேட்டை நேரத்தைக் கலிபோர்னியா நேரமென்று நம்பி ஒரு மணியைத் தள்ளிவிட்டது. ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து மணியையும் திருத்தினேன்.

அதோடு விட்டிருக்கலாம். நம் நாட்டிலும் போர்க்காலத்தில் இப்படி ஒரு மணி கூட்டி வைத்திருந்தார்களடா, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை. கம்ப்யூட்டர்களுக்கான நேர மண்டலப் பட்டியலில், ஏசியா/கொல்கத்தா என்ற பெயருக்குக் கீழே, அது இன்னும் இருக்கிறது. என் ஜாதக மென்பொருளுக்குத்தான் அது தெரியாது. எந்த வருஷமானாலும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், அவ்வளவுதான்.

உன் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நான் அடித்துக் கொடுத்த ஜாதகம் ஞாபகம் இருக்கிறதா? 1943, ஐப்பசி 25, காலை 7.10. நாழிகைக் கணக்கில் குறித்திருந்தால் வம்பே இல்லை. உன் தாத்தா ஜங்ஷனில் வேலை பார்த்தவர், ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத்தானே எழுதியிருப்பார்? அப்படியானால் நிஜ நேரம் 6.10. லக்னம் விருச்சிகம் இல்லை, துலாம்.

“விருச்சிகம், அதான் இந்தக் கொட்டுக் கொட்டுறார்” என்று நாம் செய்த கேலி இருக்கட்டும். அந்தத் தாளை மனுஷன் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிறார். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அதை வைத்துத்தான். எனக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை.

தாத்தாவின் நோட்டை எடுத்து, மணிக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது கிறுக்கியிருக்கிறாரா என்று பார். அதுவரை அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன்,
மணி