சால்சா நடனம்: வாரத்துக்கு எத்தனை வகுப்பு?

அனைவருக்கும் வணக்கம். வாரம் மூன்று வகுப்புகளுக்கு வரலாமா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் தொடக்கத்தில் ஒரு வகுப்பே போதும் என்பது என் உறுதியான கருத்து. கற்றது காலில் ஊறுவதற்குள் அடுத்த பாடத்தை ஏற்றினால் இரண்டுமே தங்காது.

வகுப்புக்கு மறுநாளே வீட்டில் 15 நிமிடம் ஆடிப் பாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிறகு வாரத்தில் இன்னும் இரண்டு நாள் ஆடினால் போதும், துணைகூடத் தேவையில்லை. தாளத்தை எட்டாக எண்ணி, 1, 2, 3 அடிவைத்து 4-இல் நில்லுங்கள். 5, 6, 7 அடிவைத்து 8-இல் நில்லுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள். அவசரத்தில் பலரும் விழுங்கிவிடுவது அந்த 4-ஐயும் 8-ஐயும்தான். அங்கே உடல் எடை முழுதாக ஒரு காலுக்கு மாறினால்தான் அடுத்த அடி தாளத்தில் விழும்.

ஜோடிப் பயிற்சிக்குச் சனிக்கிழமை மாலை கூடம் திறந்திருக்கும். தம்பதியராக வருபவர்களும் தயவுசெய்து ஆள் மாற்றி ஆடுங்கள். பழகிய துணை உங்கள் அடுத்த அசைவை ஊகித்துவிடுவார். புதியவருக்கு உங்கள் கைதான் சொல்ல வேண்டும். 3-ஆம் எண்ணுக்குள் கையை உயர்த்தாவிட்டால், எதிரில் இருப்பவர் 5-இல் சுழலத் தொடங்க முடியாது.

எண்ணாமலே, பேசிக்கொண்டே அடிப்படை அடிகளை ஆட முடிகிறவர்கள் இரண்டாவது வகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டாம். அது தரையைப் பிடித்துக்கொள்ளும். சுழலும்போது முழங்கால் திருகிக்கொள்ளும். ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள்.