மேசையைத் தட்டிப் படிக்கச் சொல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் வெள்ளையடிப்பு, எல்லாச் சாமானும் கூடத்தில், பேனாவைத் தேடவே இரண்டு நாள் ஆனது. அம்மாவுக்கு இருமல் தேவலை, ராத்திரி தூங்குகிறாள்.

சரி, உன் மகள் ஷேக்ஸ்பியர் சானெட்டை வைத்துக்கொண்டு அழுகிறாள் என்று எழுதியிருந்தாயே, நாம் மட்டும் என்ன புரிந்தா படித்தோம்? பதினான்கு வரி, ஐயாம்பிக் பென்டாமீட்டர், ஒரே ஒலியில் முடிகிற வரிகளுக்கு ஒரே எழுத்தாக ஏபிஏபி சிடிசிடி இஎஃப்இஎஃப் ஜிஜி என்று எழுதி மார்க் வாங்கினோம். கரும்பலகையில் அடங்குகிற அசைக்கு வளைவும் ஓங்குகிற அசைக்குக் கோடும் போட்டார்கள், நாமும் குத்துமதிப்பாகப் போட்டு வைத்தோம். ஒரு வரியையாவது வாய்விட்டுச் சொல்லியிருப்போமா?

எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. நம்முடையது குறில், நெடில், ஒற்று பார்த்துப் பழகின காது. ஆங்கிலச் செய்யுள் ஓடுவதோ அழுத்தத்தில். 'சம்மர்' என்றால் 'சம்' ஓங்கும், 'மர்' அடங்கும். 'கம்பேர்' அப்படியே தலைகீழ். இரண்டையும் ஒரே தட்டாகச் சொல்லிவிடுகிறோம், சந்தம் அங்கேயே போய்விடுகிறது.

பதினெட்டாம் சானெட்டின் முதல் வரியை மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லச் சொல். ஷல் ஐ, கம் பேர், தீ டு, எ சம், மர்ஸ் டே. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவதில் தட்டு. ஐந்து ஜோடி, அதுதான் அந்த ஐயாம்பிக் பென்டாமீட்டர், நம் கணக்கில் ஐந்து சீர், அதாவது நெடிலடி. 'டு'வில் விழுகிற தட்டு பேருக்குத்தான், பேச்சில் அது லேசாகத்தான் வரும். கணக்கு கீழே ஓடிக்கொண்டிருக்க, பேச்சு அதன்மேல் கொஞ்சம் ஏறி இறங்கிப் போகும். ஒன்று மட்டும் எச்சரித்துவிடு, நம் அசையைக் கொண்டுபோய் அங்கே அளக்கக் கூடாது. 'மலர்' நமக்கு ஒரே நிரையசை, அவர்கள் எண்ணினால் இரண்டு.

மூன்றாம் வரியில்தான் வேடிக்கை. 'ரஃப் விண்ட்ஸ் டூ ஷேக்', அதாவது முரட்டுக் காற்று உலுக்குகிறது என்று தொடங்குகிறது. கணக்குப்படி 'ரஃப்' அடங்க வேண்டும், ஆனால் அந்தச் சொல்லை அடக்கிச் சொல்லிப் பார், முடியாது. இரண்டு தட்டு அடுத்தடுத்து விழுகிறது, மொட்டுகளை உலுக்குகிற காற்று வரியையும் சேர்த்து உலுக்கிவிடுகிறது. இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது, சிரிக்காதே.

அப்புறம் எதுகை. நமக்கு அது அடியின் தலையில், அவர்களுக்கு வாலில், நம் இயைபு மாதிரி. அதே பாட்டில் 'டே'வுக்கு 'மே', 'டெம்பரேட்'டுக்கு 'டேட்'. வெள்ளைக்காரர்கள் இன்று 'டெம்ப்ரட்' என்று சுருக்குகிறார்கள், அப்படிச் சொன்னால் ஓர் அசையும் குறையும், இயைபும் கெடும். நம்மூர் வாத்தியார் மாதிரி டெம்-ப-ரேட் என்று நீட்டினால் இரண்டுமே தேறிவிடுகிறது! 116-ஆம் சானெட்டில் 'ப்ரூவ்ட்'டும் 'லவ்ட்'டும் ஜோடி. இந்த நானூறு வருடத்தில் உச்சரிப்பு நகர்ந்துபோய் இரண்டும் பிரிந்துவிட்டன.

ஏபிஏபி ஏன் என்று அவள் கேட்டால், சானெட் இத்தாலியிலிருந்து வந்த சரக்கு என்று சொல். அங்கே சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் இயைபுக்குப் பஞ்சமே இல்லை, அந்த ஊர்க் கவிஞர் பெட்ரார்க் முதல் எட்டு வரியை இரண்டே ஒலியில் முடித்துவிடுவார். ஆங்கிலத்தில் அது திண்டாட்டம். 16-ஆம் நூற்றாண்டில் சர்ரே பிரபு என்ற ஆங்கிலக் கவிஞர் ஏழு ஒலியாகப் பிரித்துக்கொண்டார், ஷேக்ஸ்பியர் அதையே எடுத்துக்கொண்டார். ஒரு வரி விட்டு ஒரு வரி என்று பன்னிரண்டு வரி காத்துப் பழகின காதுக்குக் கடைசியில் ஜோடி அடுத்த வரியிலேயே கிடைத்துவிடுகிறது, பாட்டு முடிந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1609-இல் வந்த ஷேக்ஸ்பியரின் சானெட் புத்தகத்தின் 154 பாட்டுகளில் 99-ஆவதில் பதினைந்து வரி, 126-ஆவதில் பன்னிரண்டு, 145-ஆவதில் வரிக்கு நாலு சீர்தான், நம் அளவடி. பரீட்சைக்கு இது வேண்டாம், ஷேக்ஸ்பியரே அளவு மாறியிருக்கிறார் என்று தெரிந்து அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று சொல்கிறேன்.

ஞாயிறு மாலை அவளைப் பேசச் சொல். மாவடு போட்டிருக்கிறேன், யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறேன், ஜாடியைத் திருப்பி அனுப்பிவிடு, போன தடவை அனுப்பினது இன்னும் வரவில்லை.

உன்,
ராஜி