நீ வரைந்த கம்பத்து வீடு

பாப்பா,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மைச் சித்திரத்தை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் இருக்கிற அந்தப் பழைய கம்பத்து வீடுதான், மலாய்க் கிராமத்து மரவீடுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. கல்லின் மேல் நிற்கும் தூண்கள், படி, துருப்பிடித்த தகரக் கூரை எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் தச்சு வேலை பார்த்தவன் கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. சுவர் முழுக்க ஒரே மாதிரி கோடு இழுத்திருக்கிறாய்.

மரம் அப்படிச் சீராகக் கிழடாகாது. கூரை இறக்கத்தை ஒட்டிய இரண்டு மூன்று பலகைகளில் மழை படாது. அவை இன்னும் கரும்பழுப்பாகவே இருக்கும். கீழே வர வர வெள்ளைச் சாம்பல் நிறம். வெயில் மேல்தோலை அரிக்கும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மெத்தென்ற பாகம் கரைந்து, கெட்டியான ரேகை மட்டும் மேடாக நிற்கும்; விரலால் தடவினாலே தெரியும். அதனால் மேலே நெருக்கிக் கோடு போடு. கீழே தாளைச் சும்மா விட்டுவிடு, ரேகைக்கு நாலு கோடு போதும்.

அப்புறம் ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கறுப்பாக ஒரு கறை வழிந்திருக்குமே, அதை விட்டுவிட்டாய். அது வெறும் துரு இல்லை. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போட்டு எழுதுகிற மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். வீடே மை தயாரித்து வைத்திருக்கிறது, நீ தொடாமல் வந்திருக்கிறாய்!

பழைய கடைவீடுகள் நிறைந்த ஜார்ஜ் டவுன் நகரத்துக்கு 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. அந்தக் கடைவீடுகளை வரைய ஆயிரம் பேர் வருகிறார்கள். இந்த மாதிரி வீட்டை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? நீ பார்த்தாய், எனக்கு அதுவே சந்தோஷம். தீபாவளிக்கு வரும்போது சாயங்காலம் அழைத்துப் போகிறேன். மேற்கு வெயில் சாய்வாக விழும்போதுதான் பலகையின் மேடு பள்ளம் தெரியும்.

அம்மா இதையே கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறாள். கடையில் சட்டம் போடக் கொடுக்காதே, நானே இழைத்துத் தருகிறேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும். தாளின் நீள அகலத்தை அளந்து அனுப்பு.

அப்பா