ஒற்றைக் கல்லுக்காக ஒரு மலைப் பயணம்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, "இனி இதைவிடப் பெரிதாக என்ன இருக்கப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆனால் வேல்ஸில் நீ இருக்கும் கார்டிஃபுக்கு வடக்கே, பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், மைன் லியா என்றொரு ஒற்றைக் கல் நிற்கிறது. அவசியம் போய்ப் பார்.

இஸ்த்ராட்வெல்ட்டே ஊரிலிருந்து ஹியோல் செனிக்குப் போகும் ஒடுங்கிய மலைச்சாலையில், ஏற்றம் முடியப்போகும் இடத்தில், சாலையிலிருந்தே தெரியும். உயரம் 3.7 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 3 மீட்டர். சாலையிலிருந்து பார்த்தால் வைர வடிவத்தில் அகன்று நிற்கும். அப்படியே நடந்து பள்ளத்தாக்கின் பக்கமாகப் போய்ப் பார்; ஒரு மீட்டர்கூடத் தடிமன் இல்லாமல் ஒடுங்கிவிடும். வடக்கு தெற்காக, பள்ளத்தாக்கின் போக்கிலேயே அதை நட்டிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. வெண்கலக் காலத்து வேலை என்று கணிக்கிறார்கள்.

நின்ற இடத்திலிருந்து சுற்றிலும் பார். தெற்கே லியா ஓடை இறங்கி, நெத் ஆற்றோடு கலக்கப் போகிறது. வடக்கே கொஞ்ச தூரத்தில் மேடு தாண்டினால், செனி ஓடை அஸ்க் ஆற்றுக்குப் போகிறது. கணவாயின் வாசலில் நிற்கும் கல் இது. வழிகாட்டியோ, எல்லைக்கல்லோ, வழிபாட்டுக்கோ, எதற்காக நட்டிருந்தாலும், இடம் தெரிந்துதான் நட்டிருக்கிறார்கள். சேவல் கூவும்போது இந்தக் கல் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்வரும் என்று அந்தப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு.

அப்புறம், கிட்டப் போ. ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு இப்பால் நின்றுதானே பார்த்தாய்? இங்கே கயிறு இல்லை, டிக்கெட் இல்லை. கரடுமுரடான மணற்கல்லுக்குள் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். கையால் தடவினால் தட்டுப்படும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் கல்பாசி. அடிப்பக்கம் ஆடுகள் உரசி உரசி, விளிம்பில் கம்பளி இழைகள் ஒட்டியிருக்கும்.

ஸ்டோன்ஹெஞ்சின் நடுவில் விழுந்து கிடக்கும் பலிபீடக் கல்லை நினைவிருக்கிறதா? அது இந்தச் செனிப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய பாறை அடுக்குகளிலிருந்து போனது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2024இல் வந்த ஆய்வு, அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டது. ஸ்டோன்ஹெஞ்சிலுள்ள, நீலக்கற்கள் எனப்படும் சிறிய கற்கள் மட்டும் வேல்ஸின் பிரசெலி மலையுடையவை என்பதில் மாற்றமில்லை. கற்களை அவ்வளவு தொலைவு கொண்டுபோனவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தன் மலையில் கிடைத்த கல்லைத் தன் மலையிலேயே நிமிர்த்தியவர்கள்தான் எனக்கு நெருக்கமானவர்கள்.

நேரம் இருந்தால் தெற்கே சார்ன் ஹெலன் என்ற ரோமானியப் பாதையில் நடந்து மைன் மடோக்கையும் பார். அது மெலிந்த கல். "யுஸ்துஸின் மகன் தெர்வாகுஸ் இங்கே கிடக்கிறான்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. 1940இல் திரும்ப நிமிர்த்தி வைத்தார்கள்.

நல்ல பூட்ஸ் போட்டுக்கொள், தரை சொதசொதவென்று இருக்கும். மூடுபனி இறங்கினால் சாலையை விட்டு விலகாதே. வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் சாத்திவிடு, ஆடுகள் மேயும் இடம். சரி, போய்வந்ததும் எழுது. மைன் லியாவின் எந்தப் பக்கம் உனக்குப் பிடித்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அண்ணன்